சிறிய படை, குறைந்த நிதி, பதினான்கு வகை வண்டிகள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

கேள்வி: பாலாற்றங்கரை, காட்பாடி

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பாதுகாப்பியல் முதுகலை வகுப்பின் கருத்தரங்குக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு கற்பனை நாடு. அதன் தரைப்படையில் 4,000 பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள 300 வாகனங்கள் 14 வகைகளாகச் சிதறிக் கிடக்கின்றன. குடியேற்ற ஆட்சி விட்டுச் சென்ற லேண்ட் ரோவர்கள் கொஞ்சம், நட்பு நாடு ஒன்று அன்பளிப்பாகக் கொடுத்த லாரிகள் கொஞ்சம், அந்த நாட்டோடு முறைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு நாடு போட்டிக்குக் கொடுத்த லாரிகள் கொஞ்சம், வெள்ள நிவாரணத்தின்போது உள்ளூர் விற்பனையாளர்களிடம் அவசரமாக வாங்கிய பிக்கப்கள் மீதி. கவச வண்டிகளைச் சேர்க்க வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆள், சரக்கு, தண்ணீர், எரிபொருள் ஏற்றும் வண்டிகள் மட்டுமே கணக்கு.

நிதி நிலைமை என்னவென்றால், ஆண்டுக்கு 20 புதிய வண்டிகளுக்கு மேல் வாங்க இயலாது. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் வண்டிகளாக மாற்றிவிடலாம் என்பது வகுப்பில் பலரும் சொல்லும் விடை. ஆனால் ஆண்டுக்கு 20 என்றால் 300-ஐ மாற்ற 15 ஆண்டுகள் ஆகும். கடைசி வண்டி வந்து சேரும்போது முதல் வண்டி கிழடாகியிருக்கும். அப்படியானால் ஒருமைப்படுத்துதல் என்பதை எங்கிருந்து தொடங்குவது? வண்டியின் பெயரை ஒன்றாக்குவதா, இன்ஜினை ஒன்றாக்குவதா, அல்லது வேலைக்கு ஒரு வண்டி என்று பிரிப்பதா? நம் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்த ஊர்களும் உண்டு, லாரித் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களும் உண்டு என்பதால், நூல்களில் கிடைக்காத விடை இங்கே கிடைக்கும் என்று நம்பிக் கேட்கிறேன்.

மறுமொழி: கணியம்பாடி ஹவில்தார்

தம்பி, நீங்கள் வண்டி வாங்கும் இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். பட்டறையிலிருந்து தொடங்குங்கள். நான் படையின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அந்தப் பக்கம்தான் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம், அதுவும் உண்மைதான்.

நம் படையில் கவச வண்டிகளை ‘ஏ’ வண்டி என்றும், சாதாரண வண்டிகளை ‘பி’ வண்டி என்றும், கிரேன், டோசர் போன்றவற்றை ‘சி’ வண்டி என்றும் பிரிப்பார்கள். உங்களுடைய 300-ம் ‘பி’ வண்டிகள். ஓடாமல் நிற்கும் வண்டிகளுக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் வி.ஓ.ஆர். பட்டியல் என்று ஒன்று இருக்கும். வண்டி எண், அது நின்ற தேதி, எந்த உறுப்புக்காக நிற்கிறது என்ற மூன்றும் அதில் கட்டாயம் எழுதப்பட்டிருக்கும். உங்கள் கற்பனை நாட்டுத் தளபதி செய்ய வேண்டிய முதல் வேலை, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் வி.ஓ.ஆர். பட்டியல்களை எடுத்து, வண்டியின் பெயர்ப்படி அல்லாமல் உறுப்பின் பெயர்ப்படி அடுக்கிப் பார்ப்பது. அப்படி அடுக்கினால் இன்ஜின் அரிதாகவே தென்படும். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பிரேக் சிலிண்டரின் ரப்பர் கிட், செல்ஃப் மோட்டார், வாட்டர் பம்ப், ஸ்பிரிங் பட்டா, பாட்டரி, டயர் ஆகியவைதான் திரும்பத் திரும்ப வரும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் கிட்டுக்காக ஐந்து டன் லாரி மரக்கட்டைகளின் மேல் மாதக்கணக்கில் நிற்கும்.

பல வகை வண்டிகள் இருக்கும் ஸ்டோரில் நடக்கும் தொல்லைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பின்சக்கர ஹப்புக்கான ஆயில் சீல் இரண்டை மேசையின் மேல் அருகருகே வையுங்கள். வெளிவிட்டம் ஒன்றே, தடிமன் ஒன்றே. உள்விட்டத்தில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அலமாரியில் தொங்கும் இருப்பு அட்டையில் (bin card) இரண்டையும் ‘ஹப் சீல், பின்பக்கம்’ என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அவசரத்தில் பெரியதை எடுத்துப் போட்டுவிட்டால் வண்டி பட்டறையிலிருந்து நன்றாகவே வெளியேறும். சில நாள்களில் எண்ணெய் கசிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் டிரைவருக்குச் செய்தி தெரியும். 14 வகை வண்டிகள் என்றால் இப்படிப்பட்ட இரட்டையர்கள் எத்தனை ஜோடி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வகைகளைக் குறைப்பதால் வரும் லாபத்தை எல்லோரும் பணத்தில் கணக்கிடுகிறார்கள். தவறான உறுப்பு தவறான வண்டிக்குள் போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம் என்பேன்.

இனி எதைக் கழிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் மிகவும் மோசமான வண்டியை முதலில் கழிப்பார்கள். அது தவறான வரிசை. எண்ணிக்கையில் மிகச் சிறிய வகை எதுவோ அதை முதலில் கழிக்க வேண்டும், அந்த வண்டிகள் நன்றாக ஓடினாலும் சரி. ஒன்பது வண்டிகள் மட்டுமே உள்ள ஒரு வகைக்கும் தனி அலமாரி வேண்டும், தனி ஸ்பெஷல் டூல் பெட்டி வேண்டும், தனிக் கையேடு வேண்டும், அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஆள் எப்போதும் பணியில் இருக்க வேண்டும். அந்த ஒன்பதையும் அவற்றின் உதிரிபாகங்களோடும் கருவிகளோடும் ஒரே ஏலத்தில் அனுப்பிவிட்டால் இந்தச் சுமைகள் எல்லாம் ஒரே நாளில் இறங்கும். மாறாக, 60 வண்டிகள் உள்ள வகையில் மோசமான ஒன்பதைக் கழித்தால் அலமாரி அப்படியே இருக்கும். ஓடுகிற வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று யூனிட் கமாண்டர்கள் கூச்சல் போடுவார்கள். அந்தக் கூச்சலைத் தாங்கக்கூடிய தளபதி இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தைத் தொடங்காமலே இருக்கலாம்.

நம் நாட்டுக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தின் கீழ் 1959-ல் ஜபல்பூரில் தயாரிக்கத் தொடங்கிய சக்திமான் லாரியும், நிசான் உரிமத்தில் வந்த ஒரு டன் வண்டியும், ஜோங்கா என்ற ஜீப்பும் நீண்ட காலம் நம் படையைச் சுமந்தன. சக்திமான் உற்பத்தி 1996-ல் நின்றது. ஆனால் அது யூனிட்டுகளில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஓடியது. கடைசி வண்டி விடைபெறும் வரை அதன் உதிரிபாகத்தை யாரோ ஒருவர் செய்துகொண்டிருக்க வேண்டும். நம்மிடம் அதற்குத் தொழிற்சாலையும் டெப்போவும் பேஸ் ஒர்க்‌ஷாப்பும் இருந்தன. உங்கள் 4,000 பேர் படையிடம் அவை இருக்காது. ஆகவே, தயாரிப்பு நின்ற பிறகு எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் ஒரு வண்டியையும் தொடக்கூடாது.

மறுமொழி: பழைய பைபாஸ் ஸ்பேர்ஸ், வேலூர்

ஹவில்தார் ஐயா சொன்ன ‘சிறிய வகையை முதலில் கழி’ என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். கடையில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் மாணவ நண்பரின் ‘ஒரே நிறுவனம்’ என்ற பேச்சில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

வண்டியின் நெற்றியில் உள்ள பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று ஆகிவிடாது. ஒரே பெயரில், ஒரே உருவத்தில் வந்த லாரிக்கு நான்கு ஆண்டு இடைவெளியில் வேறு ஸ்டியரிங் பாக்ஸ், வேறு கிளட்ச் அளவு, வேறு வயரிங் என்று வந்திருப்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். கடைக்கு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது வண்டியின் பெயரை அல்ல, சேசிஸ் நம்பரை. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது பழைய பெயரிலேயே விற்ற பல லாரிகளின் இன்ஜின் பக்கம் அடியோடு மாறிவிட்டது. ஆண்டுக்கு 20 என்று 15 ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டே போனால், கடைசியில் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஐந்தாறு வகைகள் சேர்ந்திருக்கும். 14-ஐ ஒழித்து ஒன்று ஆக்கிவிட்டோம் என்று அமைச்சர் பேசுவார். ஸ்டோர்மேனுக்குத்தான் உண்மை தெரியும்.

என் கருத்துப்படி ஒன்றாக்க வேண்டியவை வேறு. முதலாவது எரிபொருள். சிறிய வண்டி பெட்ரோல், பெரிய வண்டி டீசல் என்று இருந்தால் இரண்டு டேங்கர், இரண்டு கிடங்கு, இரண்டு கணக்கு என்று ஆகிவிடும். நம் படையிலும் ஜோங்காவும் ஜிப்ஸியும் பெட்ரோல், லாரிகள் டீசல் என்றுதான் வெகு காலம் ஓடின. பெரிய படைக்கு அது தாங்கும். உங்கள் நாடு டீசல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். இரண்டாவது மின்சாரம். ராணுவ லாரியும் அதன் ரேடியோவும் பெரும்பாலும் 24 வோல்ட், கடையில் வாங்கும் பிக்கப் 12 வோல்ட். அவசரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றை ஸ்டார்ட் செய்ய முடியாது. ரேடியோ பொருத்தத் தனிக் கருவி தேவைப்படும். மூன்றாவது டயர். 10.00-20 அளவு லாரி டயர் நம் ஊரில் கிடைப்பதைப் போல அந்த நாட்டுச் சந்தையில் எந்த அளவு தாராளமாகக் கிடைக்கிறதோ அந்த அளவைத் தேர்ந்துகொண்டு, அதில் ஓடாத வண்டியை வாங்கக்கூடாது. பில்டர், பெல்ட், கிரீஸ், எண்ணெய் வகை ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

இன்ஜினைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியப் படை செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1980-களின் பிற்பகுதியில் அவர்கள் வாங்கிய பெரென்டி என்னும் லேண்ட் ரோவரில், அந்த நிறுவனத்தின் சொந்த இன்ஜினை வைக்காமல் இசுசு லாரியில் ஓடிக்கொண்டிருந்த 3.9 லிட்டர் டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். நான்கு சக்கர வண்டியும் ஆறு சக்கர வண்டியும் ஒரே குடும்பமாக வந்தன. அந்த இன்ஜின் சரக்கு லாரிகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்பதால் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் அதன் பாகமும் படைக்கு வெளியேயும் கிடைத்தன. வீட்டில் பத்து பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது மடமை, பொத்தானை ஒரே அளவில் வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம் என்பதுபோல, இதுதான் ஏழைப் படைக்கு ஏற்ற வழி.

பி.எஸ். 6 போன்ற புதிய இன்ஜின்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவற்றுக்குக் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வேண்டும், பல லாரிகளுக்கு யூரியா கரைசல் வேண்டும், பழுது பார்க்க நிறுவனத்தின் ஸ்கேனர் வேண்டும். தூரத்து முகாமில் கலங்கல் டீசலை ஊற்றினால் இன்ஜெக்டர் போய்விடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் பம்ப் நாசில் கடைக்காரர் ஒரு பிற்பகலில் சரிசெய்து கொடுத்துவிடுவார். ஏற்றுமதிக்கென்று எளிய இன்ஜினோடு தயாரிக்கப்படும் வடிவம் கிடைக்குமானால் அதையே கேட்டு வாங்க வேண்டும். சுற்றுச்சூழல் நண்பர்கள் என்மீது கோபப்படுவார்கள், பட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, படை வண்டிகளின் ஓட்டத்தில் பெரும்பகுதி ரேஷன், தண்ணீர், ஆள் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையில் ஓடுவதுதான். அதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் விலையுயர்ந்த லாரி எதற்கு? உள்ளூர்ச் சாலையில் ஓடும் சாதாரண லாரியும் பிக்கப்பும் போதும்.

கேள்வியாளர்: பாலாற்றங்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. சேசிஸ் நம்பர் விஷயம் என் கட்டுரையின் போக்கையே மாற்றிவிடும் போலிருக்கிறது. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஒன்று, நட்பு நாடுகள் இனாமாகக் கொடுக்கும் வண்டிகளை என்ன செய்வது? அரசியல் காரணங்களுக்காக மறுக்க முடியாது என்று கருதிக்கொள்ளுங்கள். இரண்டு, எல்லாவற்றையும் ஒரே நாட்டிடம் வாங்கிவிட்டால், அந்த நாடு கோபித்துக்கொண்டு பாகங்களை நிறுத்தினால் என்ன ஆகும்? 1979 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கப் பாகங்கள் கிடைக்காமல் ஈரான் பட்ட பாட்டை வகுப்பில் படித்தோம்.

மறுமொழி: சிப்காட் கணக்கு, ராணிப்பேட்டை

நான் படையில் இருந்தவன் அல்லன்; தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகக் கையிருப்பைத் திட்டமிடுவது என் வேலை. மேலே இருவரும் அனுபவத்தால் சொன்னதற்குக் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒரு டீசல் பம்ப் ஆர்டர் கொடுத்து வந்து சேர ஆறு மாதம் ஆகிறது என்றும், அந்த ஆறு மாதத்தில் 25 வண்டிகளுக்குச் சராசரியாக ஒரு பம்ப் பழுதாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். 300 வண்டிகளும் 25 வீதம் 12 வகையாக இருந்தால், பம்ப் இல்லை என்று கைவிரிக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்குள் இருக்க ஒவ்வொரு வகைக்கும் 3 பம்ப் கையிருப்பில் வேண்டும், மொத்தம் 36. அதே 300 வண்டிகளுக்கும் ஒரே பம்ப் பொருந்துமானால், அதே பாதுகாப்புக்கு 18 போதும். தற்செயலாக நிகழும் பழுதுகளுக்கான பாய்சான் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் யாருக்கும் இதே விடை வரும். பழுதுகளின் எண்ணிக்கை மாறவில்லை, வண்டிகள் மாறவில்லை, ஆனால் அலமாரியில் முடங்கும் பணம் பாதியாகிறது. வண்டிகளின் எண்ணிக்கை குறைவாக உள்ள வகையில் இந்த விரயம் இன்னும் மோசமாகும். ஹவில்தார் ஐயா சிறிய வகையை முதலில் கழிக்கச் சொன்னதன் கணித நியாயம் இதுதான்.

அடுத்து, யாரும் கேட்காத ஒரு கேள்வி: 300 வண்டிகள் எதற்கு? இப்போது நூற்றுக்கு 35 வண்டிகள் வி.ஓ.ஆர். பட்டியலில் நிற்கின்றன என்று கொண்டால், ஓடுபவை 195 மட்டுமே. 220 வண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, வகைகளைக் குறைத்து, நிற்பவற்றை நூற்றுக்குப் பத்தாகக் கொண்டுவந்தால் ஓடுபவை 198. எண்பது வண்டிகளைக் கழித்த பிறகு கையில் மூன்று வண்டி கூடுகிறது. ஆண்டுக்கு 20 என்ற வேகத்தில் 220-ஐ மாற்ற 11 ஆண்டுகள் போதும். நண்பருடைய 15 ஆண்டுச் சிக்கலுக்கு இதுதான் முதல் மருந்து. ஆனால் தலைமையகங்கள் வண்டிகளை எண்ணிக்கையால் அளப்பவை. கிழட்டு வண்டியையும் கணக்கில் காட்டினால்தான் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையாது என்ற அச்சம் எல்லா அலுவலகங்களிலும் உண்டு.

பைபாஸ் கடைக்காரர் சுட்டிய பெயர்ப்பலகைப் பொறிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆண்டுக்கு 20 வாங்குவதற்குப் பதிலாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 60 வண்டிகளை ஒரே கட்டமைப்பில், தொடர் வரிசையான சேசிஸ் எண்களோடு வாங்க வேண்டும். விலையில் ஒரு பங்கைக் கட்டாயமாக உதிரிபாகத்துக்கும் கருவிக்கும் ஒதுக்கி, வண்டியோடு சேர்த்தே தருவிக்க வேண்டும். அப்போது 11 சிறு மாறுபாடுகளுக்குப் பதில் நான்கு தெளிவான தொகுதிகள் கிடைக்கும். ஒவ்வொரு தொகுதியையும் ஒவ்வொரு பட்டாலியனுக்கோ பகுதிக்கோ முழுமையாகக் கொடுத்துவிட்டால், படை முழுவதும் நான்கு வகை இருந்தாலும் ஒரு பட்டறைக்குள் ஒரு வகைதான் இருக்கும். இதற்கு உள்ள தடை இயந்திரத்தில் இல்லை, நிதியாண்டில் இருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவிடாத பணம் திரும்பிப் போய்விடும் நடைமுறையில் மூன்று ஆண்டுப் பணத்தைச் சேர்த்துவைக்க முடியாது. உங்கள் கற்பனை நாட்டின் நாடாளுமன்றத்தைக் கொண்டு பல்லாண்டு ஒப்புதல் ஒன்றை நிறைவேற்றிவிடுங்கள். கற்பனை நாட்டில் அந்த வசதியாவது இருக்கட்டும்.

இனி அன்பளிப்பு. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் ஷெல் என்ற படை அதிகாரி பொறுப்பேற்று, 1939-ல் லாரி வகைகளை 114-லிருந்து 19 ஆகக் குறைக்கத் திட்டம் வகுத்தார். நல்ல திட்டம். ஆனால் போர் தொடங்கியதும் தோற்ற நாடுகளின் லாரிகளை ஆயிரக்கணக்கில் கைப்பற்றிச் சேர்த்துக்கொண்டார்கள். 1941-ல் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது உதிரிபாகக் குழப்பமே அவர்களுடைய எதிரிகளில் ஒன்றாக இருந்தது. விலை கொடுக்காமல் வந்த வண்டிக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. சில சமயம் அது புதிய வண்டியின் விலையையும் மிஞ்சும். மறுக்க முடியாது என்கிறீர்கள். அப்படியானால் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். வண்டிக்குப் பதில் அதே மதிப்புக்கு, ஏற்கெனவே உள்ள வகையின் பாகங்களைக் கேட்கலாம். இல்லையென்றால், ஐந்து ஆண்டுக்கான பாகங்களும் பயிற்சியும் சேர்ந்து வந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் நடக்காவிட்டால், அந்த வண்டிகள் முழுவதையும் ஓரிடத்தில், எடுத்துக்காட்டாக டிரைவிங் பள்ளியிலோ தலைநகரின் அணிவகுப்புப் பிரிவிலோ நிறுத்தி, மற்ற பட்டறைகளுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஐ.நா. அமைதிப்படைக்கு ஆள் அனுப்பும் நாடாக இருந்தால் இன்னொரு வருவாயும் உண்டு. வண்டியையும் பராமரிப்பையும் அனுப்பும் நாடே ஏற்றுக்கொள்ளும் ‘வெட் லீஸ்’ முறையில் வண்டிக்கு இவ்வளவு என்று ஐ.நா. மாத வாடகை கொடுக்கிறது. வண்டி பணிக்குத் தகுதியாக ஓட வேண்டும் என்பது நிபந்தனை. நின்றுபோனால் வாடகை குறையும். சிறந்த தொகுதியை அங்கே அனுப்பினால் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.

ஒரே நாட்டை நம்புவது பற்றிய அச்சம் நியாயமானதுதான். ஆனால் லாரி போர்விமானம் அல்ல. பல நாடுகளில் லட்சக்கணக்கில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நாட்டுச் சந்தையில் பாகம் கிடைக்கும். 1984-ல் அறிமுகமான டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 வரிசை இன்றும் தயாரிக்கப்படுகிறது. 1987-ல் சாட் நாட்டுப் படை டொயோட்டா பிக்கப்களில் மிலான் ஏவுகணைகளை ஏற்றிக்கொண்டு லிபியாவின் கவசப் படையை விரட்டியதால் அந்தப் போருக்கே டொயோட்டா போர் என்று பெயர் வந்தது. சண்டையின் புகழை விடுங்கள். பாலைவன நாடு எங்கும் அந்த வண்டியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருந்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இதற்கு எதிரான எடுத்துக்காட்டு நியூசிலாந்து. அது 321 பின்ஸ்காவர் வண்டிகளை ஒரே குடும்பமாக வாங்கியது. தத்துவப்படி சரியான முடிவு. ஆனால் அந்த வண்டி ஆஸ்திரியாவில் பிறந்து, 2000 வாக்கில் உரிமை பிரிட்டனுக்குப் போய், 2007-ல் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் கைக்கு வந்தது. பிறகு உற்பத்தியே நின்றுபோனது. படைகள் மட்டுமே வாங்கும் வண்டியின் ஆயுள் அதை உருவாக்கியவரின் கணக்கேட்டைப் பொறுத்தது. இதனால் இரண்டு குடும்பங்கள் போதும், இரண்டும் வெவ்வேறு நாட்டைச் சேர்ந்தவையாக இருக்கட்டும் என்பேன்: சிறிய வண்டிகளுக்கு ஒன்று, லாரிகளுக்கு ஒன்று. ஒரே வேலைக்கு இரண்டு நாட்டு வண்டிகளை வாங்குவதால் பாதுகாப்பு கூடாது, பாகங்களின் பட்டியல்தான் கூடும்.

ஆட்களைப் பற்றியும் ஒரு சொல். ஆப்கானிஸ்தான் படைக்கு ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்களும் ஹம்வீக்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, வகைகள் அதிகமில்லை. ஆனால் பராமரிப்பில் பெரும்பகுதியை அமெரிக்கப் பணத்தில் வந்த ஒப்பந்தக்காரர்களே பார்த்தார்கள். 2021-ல் அவர்கள் வெளியேறியபோது வண்டிகள் ஒருமைப்பட்டிருந்தது பெரிதாக உதவவில்லை.

மறுமொழி: கணியம்பாடி ஹவில்தார்

ராணிப்பேட்டை நண்பரின் 198 கணக்கை நான் பணியில் இருந்தபோது யாராவது என் அதிகாரிக்குக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தொகுதியை ஒரு பகுதிக்கு முழுமையாகக் கொடுப்பது என்பது மிகச் சரியான யோசனை. அதில் ஓர் ஒழுங்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பதவி உயர்வில் மெக்கானிக்கை வேறு பகுதிக்கு மாற்றும்போது அவர் பழகிய வகையைப் பார்த்து மாற்ற வேண்டும். எழுத்தர் ஒருவர் பெயர்ப்பட்டியலைப் பார்த்து மாற்றினால், பத்து ஆண்டுக் கைப்பழக்கம் ஒரே உத்தரவில் வீணாகிவிடும்.

பைபாஸ் கடை நண்பரோடு ஓர் இடத்தில் மட்டும் உடன்படமாட்டேன். தார்ச்சாலை ஓட்டத்துக்குச் சாதாரண லாரி போதும் என்பது சரிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் போதாது. நம்முடைய 105 மி.மீ. இலகு பீரங்கியே ஏறத்தாழ 2.4 டன். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு, ஆட்களையும் குண்டுகளையும் ஏற்றிக்கொண்டு, மழைக்காலத்தில் செம்மண் மேட்டில் ஏறுவதற்குக் கடைப் பிக்கப் ஆகாது. ஏற்றிவிடலாம், ஓரிரு முறை ஏறவும் செய்யும். அதற்குப் பிறகு கியர்பாக்ஸையும் ரியர் ஆக்சிலையும் பாருங்கள். வெள்ளக் காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவதும் அப்படியே. ஆகவே லாரிக் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு வடிவம் வேண்டும். கேபின், இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஒன்றாக இருக்க, ஒன்று பின்சக்கரம் மட்டும் இழுப்பது, மற்றது நான்கும் இழுப்பது. லாரிகளில் மூன்றில் ஒரு பங்கு நான்கும் இழுக்கும் வடிவமாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்பக்க ஆக்சிலும், முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸும் மட்டும்தான் அலமாரியில் கூடுதலாக வரும்.

பழுதான வண்டியிலிருந்து பாகம் கழற்றுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த மாற்றக் காலத்தில் அதுதான் அன்றாடம் நடக்கப் போகிறது. கழிக்கப்படும் வகையின் வண்டிகளில் மட்டும், எழுத்து மூலமான உத்தரவோடு, எந்த வண்டியிலிருந்து எந்த வண்டிக்கு என்று பதிந்து கழற்ற வேண்டும். வைத்துக்கொள்ளப் போகும் வகையில் கழற்ற விட்டால், ஒரு செல்ஃப் மோட்டாருக்காக நின்ற வண்டி ஆறு மாதத்தில் சேசிஸும் கேபினும் மட்டுமாக நிற்கும்; அதைத் திரும்ப ஓட்ட ஆகும் செலவை யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இன்னொன்று, ரெக்கவரி வண்டி. வகைகளைக் குறைக்கும் உற்சாகத்தில், இரண்டு மூன்று மட்டுமே உள்ள பழைய கிரேன் பொருத்திய மீட்பு லாரிகளையும் ‘சிறிய வகை’ என்று சொல்லி ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவற்றை மட்டும் என் விதியிலிருந்து விலக்கி வையுங்கள். புதிய லாரிக் குடும்பத்தின் சேசிஸில் அதே வேலையைச் செய்யும் மீட்பு வண்டி கட்டி, சரக்கு முழுவதும் ஏற்றிய மிகக் கனமான லாரியைப் பள்ளத்திலிருந்து தூக்கி, இழுத்து, பட்டறை வரை கொண்டுவந்து சோதித்துப் பார்த்த பிறகே பழையதை விடலாம். அதுவரை அந்த மூன்றுக்கும் தனி அலமாரி இருந்துவிட்டுப் போகட்டும்.